கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல: இளவயதில் இன்சுலின் எதிர்ப்பும் நாம் செய்யக்கூடியவையும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலையேறும் பஸ் ஹேவாஹெட்டயில் என்னை இறக்கிவிட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தோட்டத்துக்குள் ஓட்டோவில் போக வேண்டும். சித்தியின் லயத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சாயத்தண்ணி வந்துவிட்டது. வழக்கம்போல் இரண்டு கரண்டி சீனி. எனக்குச் சீனி வேண்டாம் என்றதும் சித்தியின் முகம் மாறியது.

"ஏன் புள்ள, சக்கர வியாதியா? இந்த வயசுலயா?"

"இன்னும் இல்ல சித்தி. வராம இருக்கத்தான்" என்றேன்.

சித்தியின் மகளுக்கு 24 வயது. கண்டி நகரில் ஒரு புடைவைக்கடையில் வேலை செய்கிறாள். அன்று விடுமுறை. தலைமுடியை உயர்த்திக் கட்டியிருந்தவளின் பின்கழுத்தைக் காட்டி, "இதப் பாரு, எத்தன தடவ தும்பு போட்டுத் தேய்ச்சாலும் போகுதில்ல. குளிக்கிறதில்லன்னு நான் ஏசாத நாளில்ல" என்றார் சித்தி. தங்கச்சி உடனே முடியை அவிழ்த்துக் கழுத்தை மறைத்துக்கொண்டாள்.

அந்தக் கறுப்பு எனக்குப் பழக்கமானது. தடித்து, வெல்வெட் துணிபோல் மென்மையாக, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் படர்ந்திருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் கழுத்திலும் அது இருந்தது. நானும் எலுமிச்சங்காயால் தேய்த்துப் பார்த்தவள்தான். அது அழுக்கல்ல. குருதியில் இன்சுலின் அளவுக்கு மீறி நீண்டகாலம் நிற்கும்போது தோலில் வரும் மாற்றம் அது. வேறு காரணங்களாலும் வரலாம் என்றாலும், இளவயதில் அதைக் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இன்சுலின் எதிர்ப்பைத்தான்.

சித்தியிடமும் தங்கச்சியிடமும் அன்று நான் சொன்னவற்றையும், என் வருத்தத்தை விளங்கிக்கொள்ள இரண்டு வருடமாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வைத்தியர் அல்லாத ஒருத்தியின் குறிப்பு இது. வைத்தியரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இன்சுலின் எதிர்ப்பு என்றால் என்ன?

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, பாண், சீனி எல்லாம் குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோசு தசைக் கலங்களுக்குள்ளும் கொழுப்புக் கலங்களுக்குள்ளும் புகுவதற்கு இன்சுலின் என்ற ஓமோன் வேண்டும். அதைச் சுரப்பது சதையி. ஈரல் தேவைக்கு மேல் குளுக்கோசை வெளிவிடாமல் தடுப்பதும் இதே இன்சுலின்தான்.

சிலருக்குத் தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லை முன்புபோல் கேட்பதில்லை. ஒரு பங்கு இன்சுலின் செய்த வேலைக்கு இப்போது இரண்டு, மூன்று பங்கு தேவைப்படுகிறது. சதையி விடாமல் கூடுதலாகச் சுரந்து ஈடுகொடுக்கிறது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. இந்தக் கட்டத்தில் சீனி அளவைச் சோதித்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் பலருக்கு இது தெரியவருவதில்லை.

வருடங்கள் போகப் போகச் சதையி களைத்துவிடுகிறது. முதலில் சீனி கொஞ்சம் ஏறுகிறது. அது நீரிழிவுக்கு முந்திய நிலை. பிறகு இரண்டாம் வகை நீரிழிவு. இந்தப் பயணத்துக்குப் பல வருடங்கள் எடுக்கலாம். அந்த வருடங்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். இந்த அவகாசத்தில் பயணத்தைத் தாமதிக்கலாம், பலருக்குத் திருப்பியும் விடலாம்.

"மலை ஏறுற எனக்கு வரல்ல, இவளுக்கு எப்படி?"

சித்தியின் கேள்வி இது. முப்பது வருடமாகக் கொழுந்துக் கூடையுடன் மலை ஏறி இறங்குகிறவர். காலையில் கோதுமை மா ரொட்டி, பகலில் சோறு, நாள் முழுக்கச் சீனி போட்ட சாயத்தண்ணி. ஆனாலும் அவருக்குச் சீனி ஏறவில்லை.

காரணத்தின் பெரும்பகுதி தசையில் இருக்கிறது. உணவுக்குப் பிறகு குருதியில் சேரும் குளுக்கோசைப் பெருமளவில் உறிஞ்சிக்கொள்வது தசைதான். அதிலும் வேலை செய்துகொண்டிருக்கும் தசை, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். சித்தி உண்ட ரொட்டி மலையிலேயே கரைந்துவிடுகிறது. தங்கச்சி உண்பதும் ஏறத்தாழ அதே சாப்பாடு. ஆனால் அவள் காலையிலிருந்து இரவு வரை ஒரே இடத்தில் நிற்கிறாள். பின்னேரம் பசிக்கு ரோல்ஸும் இனிப்புப் பானமும். பஸ்ஸில் திரும்பி, இரவு ஒன்பதரைக்குச் சோறு சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறாள். லயத்தின் சாப்பாடு அப்படியே இருக்க, லயத்தின் உழைப்பு மட்டும் போய்விட்டது.

பசித்த உடலுக்கு ஒரு நினைவு

ஆனால் உழைப்பு குறைந்ததும் தீனி கூடியதும் மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது. இதைச் சொல்ல என் வீட்டுக் கதைக்கு வர வேண்டும்.

என் அம்மாவும் அப்பாவும் இதே ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு, மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு அவர்களும் போனார்கள். அம்மாவின் கடைசித் தங்கையான சித்தி மட்டும் அம்மாச்சியோடு இங்கேயே நின்றுவிட்டார். நான் 1991இல் கிளிநொச்சியில் பிறந்தேன். பொருளாதாரத் தடைக் காலம். அம்மா என்னைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டார் என்று கேட்டால், "இருந்ததச் சாப்பிட்டேன்" என்பதுதான் பதில். எனக்கு 18 வயதில் முள்ளிவாய்க்கால் முடிந்து முகாமுக்கு வந்தோம். அங்கே அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. பசிக்குப் பிறகு வந்தது முழுக்க மாச்சத்தும் சீனியும்.

கருவிலோ சிறுவயதிலோ பசியைக் கண்ட உடல், கிடைப்பதைச் சேமிக்கப் பழகிக்கொள்கிறது. தசை குறைவாகவும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகவும் வளர்கிறது. பிற்காலத்தில் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அதே பழக்கம் பகையாகிவிடுகிறது. இது ஊகமல்ல. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மனிய முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் பட்டினி கிடந்த பகுதியான நைஜீரியாவின் எனுகு நகரில், நாற்பது வருடங்களுக்குப் பிறகு நடந்த ஆய்விலும் இதையே கண்டார்கள். கருவிலும் கைக்குழந்தையாகவும் அந்தப் பட்டினியைக் கண்டவர்களுக்கு உயர் குருதி அமுக்கமும் சீனிக் கோளாறும் கூடுதலாக இருந்தன.

எங்களைக் கணக்குப் பார்ப்போம். 1990இன் தடைக் காலம் முதல் 2009 வரை வடக்கு கிழக்கில் பிறந்தவர்கள் இன்று இளவயதில் இருக்கிறார்கள். இன்சுலின் எதிர்ப்பு வேர்பிடிக்கும் வயது இதுதான். மலையகத்திலும் இதன் வேறொரு வடிவம் உண்டு. தோட்டப்புறத்தில் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகள் நாட்டின் சராசரியை விடக் கூடுதல் என்பதைச் சுகாதாரக் கணக்கெடுப்புகள் காட்டிவந்திருக்கின்றன.

இன்னொன்றையும் நாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2005-06இல் நாடு முழுவதற்குமான நீரிழிவுக் கணக்கெடுப்பு 5,000 பேரைத் தெரிந்தெடுத்து நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக அது சொன்னது. ஆனால் அந்த ஆய்வு நடந்தது ஏழு மாகாணங்களில் மட்டும். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. பிறகு 2018-19இல் நடந்த நாடளாவிய ஆய்வில், வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது.

போரில் பிறந்த எல்லோருக்கும் சீனி வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். இதை நான் சொல்வது பயமுறுத்த அல்ல. "சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவள்" என்ற ஏச்சைக் கேட்டுக் குனிந்து நிற்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உங்கள் உடல் பிழைத்துவந்த விதம் அது. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்களை விட முந்திக் கவனிக்க வேண்டும்.

யார் சோதிக்க வேண்டும்? எதைச் சோதிக்க வேண்டும்?

தாய், தகப்பன், உடன்பிறந்தோரில் யாருக்காவது நீரிழிவு இருந்தால். கழுத்துக் கறுப்பு இருந்தால். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடி வளர்ந்து, சூலக நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டிருந்தால். கர்ப்பகாலத்தில் சீனி கூடியிருந்தால். ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேன் சொல்லியிருந்தால் - இவர்கள் 35 வயது வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனைக்குத் தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளிவிட்டபின் சுற்றளவை அளக்க வேண்டும். தெற்காசியரான எங்களுக்கு ஆண்களில் 90 சென்றிமீற்றரும் பெண்களில் 80 சென்றிமீற்றரும் எல்லை. கைகால் மெலிந்து, பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் இந்த அளவு தாண்டியிருக்கலாம். உடற்திணிவுச் சுட்டியிலும் எங்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. மேற்கத்தைய நாடுகளின் 25 எங்களுக்குப் பொருந்தாது.

குருதிச் சோதனைகளில் மூன்று முக்கியமானவை. எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் எடுக்கும் சீனி: ஒரு டெசிலீற்றரில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, 126ம் அதற்கு மேலும் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் முந்திய நிலையை 110இலிருந்து தொடங்குகிறது. அதனால் இரண்டு வைத்தியர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். அடுத்தது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி: 5.7 முதல் 6.4 வரை முந்திய நிலை, 6.5 முதல் நீரிழிவு. மூன்றாவது, 75 கிராம் குளுக்கோசு குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் எடுப்பது: 140 முதல் 199 வரை முந்திய நிலை. நீரிழிவு என்று முடிவுசெய்யப் பொதுவாக இன்னொரு முறையும் சோதிப்பார்கள்.

தோட்டப் பெண்களுக்கு ஒரு குறிப்பு. இரும்புச்சத்துக் குறைந்த குருதிச்சோகை இருந்தால் எச்பிஏ1சி இல்லாத அளவைக் காட்டக்கூடும். சோகை இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்சுலின் அளவையே நேரடியாகச் சோதிக்கப் பணம் செலவழிக்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை.

அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் அமைக்கப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இந்தப் பரிசோதனை இலவசம். அவை முக்கியமாக 35 வயதைத் தாண்டியவர்களுக்கானவை. ஆனாலும் ஆபத்துக் காரணிகள் உள்ள 20 வயதுக்கு மேற்பட்டோரும் போகலாம். கேட்டுப் பெறுங்கள்.

ஓர் எச்சரிக்கை: அதிக தாகம், அடிக்கடி சலம் போதல், காரணமில்லாமல் மெலிதல் ஆகியவை ஓர் இளைஞருக்குத் திடீரென வந்தால், அது வேறு வகை நீரிழிவாக இருக்கலாம். அதற்கு உடனடியாக இன்சுலின் தேவைப்படலாம். நடந்து பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நடையா, குளிசையா?

என் சோதனையில் வெறுவயிற்றுச் சீனி 112, எச்பிஏ1சி 6.1. முதலில் பார்த்த வைத்தியர் சிங்களத்தில் ஒரு வசனம் சொன்னார்: சாப்பாட்டைக் குறையுங்கள். எதை, எவ்வளவு, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி தன்னுடைய குளிசையில் பத்தைத் தந்து, "இதப் போடு, சரியாகும்" என்றார். இணையத்தில் தேடினால், குளிசை போட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்றது. ஆறு மாதம் ஒன்றும் செய்யாமலே போனது.

இந்தக் கேள்விக்கு எங்களைப் போன்ற உடலமைப்புள்ள மக்களிடமே ஒரு நல்ல பதில் கிடைத்திருக்கிறது. சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மூன்று வருடங்களில், வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 வீதம். மெட்ஃபோமின் குளிசை எடுத்தவர்களில் 40.5 வீதம். இரண்டையும் செய்தவர்களில் 39.5 வீதம்.

இதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, சும்மா இருப்பதுதான் மிக மோசமான தெரிவு. இரண்டு, உணவு, நடை மாற்றம் ஒரு குளிசைக்குச் சமமாக வேலை செய்தது. மூன்று, இரண்டையும் செய்ததால் மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே நடையும் உணவும் சரியாகப் போகும்போது எல்லோருக்கும் குளிசை வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதினர். இளையவர்கள் பற்றிச் சொல்வது 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 3,234 பேரில், வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவை 58 வீதத்தாலும் மெட்ஃபோமின் 31 வீதத்தாலும் குறைத்தன. ஆனால் 25 முதல் 44 வயது வரையானோருக்கும் உடல் மிகப் பருத்தவர்களுக்கும் மெட்ஃபோமின் மற்றவர்களை விட நன்றாக வேலை செய்தது. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்கு நடையும் குளிசையும் ஏறத்தாழ ஒரே அளவில், பாதி ஆபத்தைக் குறைத்தன. அதனால்தான் இளையவர்களில் சீனி 110ஐத் தாண்டினால், எச்பிஏ1சி 6ஐத் தாண்டினால், அல்லது கர்ப்பகாலத்தில் சீனி இருந்திருந்தால், வைத்தியர்கள் குளிசை பற்றி யோசிக்கிறார்கள்.

தட்டில் என்ன மாற்றலாம்?

சித்தி வீட்டு அடுப்படியில் நாங்கள் போட்ட கணக்கு இது. தங்கச்சி ஒரு நாளில் ஆறு தேத்தண்ணி குடிக்கிறாள். இரண்டு கரண்டி வீதம் 12 கரண்டி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 48 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குக் கீழே, முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இனிப்புப் பானமோ கேக்கோ தொடாமலே தேத்தண்ணியில் மட்டும் எல்லை முடிந்துவிட்டது. ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

தட்டைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மரக்கறியும் இலைக்கறியும். ஹேவாஹெட்டயில் போஞ்சி, கோவா, லீக்ஸ் தோட்டத்து ஓரத்திலேயே விளைகின்றன. வன்னியில் முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி. மற்றப் பாதியில் ஒரு பங்கு சோறு அல்லது ரொட்டி, ஒரு பங்கு முட்டை, மீன், நெத்தலி, பருப்பு, கடலை, கௌபி, சோயா போன்ற புரதம். 2022 நெருக்கடிக்குப் பிறகு மீனும் முட்டையும் எட்டாத வீடுகள் பல. அங்கே அவித்த கடலையும் பயறும்தான் கைகொடுக்கும்.

கோதுமை மா ரொட்டியை முழுதாக விடச் சொன்னால் எந்த லயத்திலும் எடுபடாது. இரண்டு ரொட்டியை ஒன்றாக்கி, மாவில் குரக்கன் மாவைப் பாதி கலந்து, சம்பலோடு பருப்போ முட்டையோ சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீக்காத சிவப்பரிசி. அதுவும் குவித்துப் போட்டால் பயனில்லை. பாகற்காய், கொவ்வை இலை, தெபு இலை எல்லாம் நல்ல கறிகள். உணவாகச் சாப்பிடுங்கள். அவற்றை நம்பிக் குளிசையை நிறுத்தாதீர்கள்.

நிறை கூடியவர்கள் 5 முதல் 7 வீதம் குறைத்தாலே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். 70 கிலோ உள்ளவருக்கு அது நான்கு, ஐந்து கிலோ. சினிமா நடிகை போல் மெலியத் தேவையில்லை.

நடை, நடக்க முடியாதவர்கள், நித்திரை

கிழமைக்கு 150 நிமிடம் வேகநடை. கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை. தங்கச்சிக்கு நேரமில்லை. ஆகவே சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதில் தொடங்கினோம். சீனி ஏறும் நேரத்தில் தசை அதை இழுத்துக்கொள்வதால், அந்தச் சிறு நடைக்குப் பலன் அதிகம். பெண் பிள்ளை இருட்டில் தனியே நடக்க முடியாத இடங்களில், வீட்டு வாசற்படியில் ஏறி இறங்குவதும் நடைதான்.

எங்கள் மண்ணில் இன்னொரு கேள்வியும் உண்டு. கால் இழந்தவர்களும், உடம்புக்குள் செல் துண்டுகளோடு வாழ்பவர்களும் என்ன செய்வது? கதிரையில் இருந்தபடி தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கி இறக்கலாம். சுவரில் கைவைத்துத் தள்ளலாம். கதிரையின் கைபிடியை ஊன்றி உடலை உயர்த்தலாம். கைத்தசைக்கும் குளுக்கோசு தேவை. செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்குச் சீனிக் கட்டுப்பாடு இரட்டிப்பு முக்கியம். சீனி கூடினால் கால் பொருத்திய இடத்தில் வரும் சிறு புண்ணும் ஆறாது, இருக்கும் மற்றக் காலுக்கும் ஆபத்து. வலி, புண் இருந்தால் முதலில் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நித்திரையை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் தூங்கவிட்டார்கள். அதற்குள்ளேயே குளுக்கோசைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. போர் கண்டவர்களின் நித்திரை பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எனக்கும் இன்றுவரை மே மாதத்து இரவுகள் கடினம். போர்முனையிலிருந்து திரும்பியவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள், மன வடுவுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் தொடர்பைக் காட்டியிருக்கின்றன. கெட்ட கனவுகளுக்கு உதவி கேட்பதும் சீனிக்கான வைத்தியத்தின் ஒரு பகுதிதான். மாவட்ட வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் அதைக் கேட்கலாம்.

மெட்ஃபோமின் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஆறு மாதம் நான் நடந்தேன், சீனியைக் குறைத்தேன். 112 என்பது 106 ஆனது. நிறை மூன்று கிலோ குறைந்தது. இரண்டாவதாகப் பார்த்த வைத்தியர் தமிழில் பேசினார். "நீங்கள் தோற்கவில்லை, உங்கள் உடலுக்குக் கொஞ்சம் கைகொடுப்போம்" என்று சொல்லி மெட்ஃபோமின் 500 மில்லிகிராமில் தொடங்கினார். இன்று வெறுவயிற்றில் 95. கழுத்துக் கறுப்பும் மங்கிவிட்டது.

இது புதிய மருந்தல்ல. 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் நீரிழிவுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. ஈரல் வெளிவிடும் குளுக்கோசைக் குறைப்பது அதன் முக்கிய வேலை. தனியாக எடுக்கும்போது சீனியை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்குவது அரிது. அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதல் இரண்டு கிழமை வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். எனக்கும் வந்தது. குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையக்கூடும், சோதிக்கக் கேளுங்கள். அது சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியா போன்ற இடங்களில், தொடங்குமுன் கிரியற்றினின் சோதனை செய்வது அவசியம். மாமியின் குளிசையை வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

சூலக நீர்க்கட்டி உள்ள பெண்களில் மெட்ஃபோமின் மாதவிடாயை ஒழுங்காக்கலாம். அதனால் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். பிள்ளை வேண்டுமா, இப்போதைக்கு வேண்டாமா என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிறையைக் குறைக்கும் செமாகுளூட்டைட் போன்ற ஊசிகள் பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. அவை விலை கூடியவை. வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாதவை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எங்கள் மொழியில்

கொழும்பில் தேசிய நீரிழிவு நிலையத்தினர் நடத்திய ஆய்வொன்று 2017இல் வெளியானது. 5 முதல் 40 வயது வரையான, ஆபத்துக் காரணிகள் உள்ள 4,600க்கும் மேற்பட்டோர் அதில் பங்கெடுத்தார்கள். சராசரி வயது 22 அளவில்தான். ஒரு குழுவுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆலோசனை, மற்றதுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆலோசனை சொன்னவர்கள் வைத்தியர்கள் அல்ல, பயிற்றப்பட்ட சாதாரண ஆட்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேசிய குழுவில், நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் முன்னறிகுறியான கோளாறுகள் 11 வீதம் அளவில் குறைவாக உருவாயின.

எனக்கு நம்பிக்கை தந்தது இந்த ஆய்வுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. ஒரு தையல் நாடா, ஒரு தராசு, எங்கள் மொழியில் பேசும் ஒரு ஆள். ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு மீள்குடியேற்றக் கிராமத்திலும் ஏ.எல். படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்க வேண்டும். கிளினிக்கில் தமிழில் விளக்கம் பெறுவதும் கேட்டுப் பெற வேண்டிய உரிமைதான்.

நான் திரும்பிய மறு கிழமை, தங்கச்சி சித்தியோடு கிளினிக்குக்குப் போனாள். வெறுவயிற்றுச் சீனி 103. இப்போதைக்குக் குளிசை வேண்டாம், மூன்று மாதம் கழித்து வா என்றிருக்கிறார்கள். இரவுச் சோற்றுக்குப் பிறகு தாயும் மகளும் லயத்து முற்றத்தில் இருபது தடவை நடக்கிறார்களாம்.

"தும்ப எடுத்து அடுப்புல போட்டுட்டேன்" என்று சித்தி போனில் சொன்னார். "இனி அவ கழுத்தத் தேய்க்க மாட்டேன்."